புதுச்சேரி வீதியை ஐம்புலனால் படிப்பது எப்படி?

டூமாஸ் வீதியில் நின்று நான் எழுதிய முதல் குறிப்பு இது: “அமைதியான வீதி. மஞ்சள் சுவர்கள் அழகு. நல்ல காற்று.” அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அமைதி எத்தனை மணிக்கு? காற்று எந்தப் பக்கத்திலிருந்து? அந்த மஞ்சள் சுவரை ஒட்டி யாராவது உட்கார்ந்திருந்தார்களா, உட்கார இடம்தான் இருந்ததா? சுற்றுலா அட்டையில் அச்சடித்திருப்பதை நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வீதி, பூங்கா, சந்தை, பஸ் நிலையம் போன்ற பொது இடங்களை உடம்பால் ஆராய்வது முறையான ஒரு வேலை. கட்டடக்கலையும் நகரமைப்பும் படிப்பவர்கள் செய்கிறார்கள். செய்தியாளருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் அது பயன்படும். ஓர் இடம் யாரை வரவேற்கிறது, யாரை விரட்டுகிறது என்பது தோலுக்கும் மூக்குக்கும் காதுக்கும் தெரியும். அதை ஒழுங்காக எழுதி வைக்கத்தான் பழக்கம் வேண்டும். முதல் முறை செய்து பார்ப்பவர்களுக்காக, நான் நடந்து பழகிய புதுச்சேரியை வைத்து எழுதுகிறேன்.

இருநூறு மீட்டர் போதும்

ஊரையே ஆராயப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு வீதியில் இருநூறு மீட்டர் போதும். நேரு வீதியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய துண்டு, வைசியாள் வீதி, பாரதி பூங்காவின் ஒரு வாசலிலிருந்து ஆயி மண்டபம் வரை என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கடற்கரைச் சாலை வேண்டாம். அங்கே போனால் எல்லாருக்கும் எல்லாமே பிடித்துவிடுகிறது. பிடித்துப்போன இடத்தில் குறிப்பு எழுத வராது. கடற்கரையைக் கடைசியில் பார்ப்போம்.

புதியவர்களுக்கு இந்த ஊர் ஒரு விதத்தில் சுலபம். 1690களில் ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது கட்டம் கட்டமாக வீதிகளைத் திட்டமிட்டார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். அதனால் எங்கே நின்றாலும் கிழக்கு எது, வடக்கு எது என்று தெரிந்துவிடும். கிழக்கே போகும் வீதி கடலில் போய் முட்டும். திசை தெரிந்தால் காற்றையும் வெயிலையும் பற்றி எழுதுவதில் பாதி வேலை முடிந்தது.

நேரம் முக்கியம். ஒரே துண்டுக்கு மூன்று தடவை போக வேண்டும்: விடிகாலை ஆறு மணிக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு, இரவு எட்டு மணிக்கு மேல். ஒரு தடவை மட்டும் போய்விட்டு ‘இந்த வீதி இப்படி’ என்று எழுதுகிறவரை நம்பாதீர்கள். அவர் சொல்வது அந்த வேளையைப் பற்றி மட்டும்தான்.

கையில் என்ன வேண்டும்

கோடு போட்ட நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். மழையிலும் வியர்வையிலும் பேனா மை கரையும். காலுக்கு மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு. கனமான ஷூ போட்டால் தரை என்ன சொல்கிறது என்று காலுக்குத் தெரியாது. கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். படம் எடுக்கத் தொடங்கினால் மற்ற நான்கு புலன்களும் ஓய்வெடுக்கப் போய்விடும்.

காற்றின் திசை பார்க்க ஒரு முழம் நூலைப் பென்சில் நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். நான் ஆரம்பத்தில் புத்திசாலித்தனமாக ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு போனேன், புகை சாயும் பக்கம் தெரியுமே என்று. திசை தெரிந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரம் வீதி முழுவதும் மல்லிகை ஊதுவத்தி வாசனைதான் குறிப்பில் இருந்தது.

கிளம்பும் முன் சென்ட், முகப் பவுடர், புகையிலை, காபி எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். காபியைத் தவிர்ப்பது சிரமம் என்று தெரியும். நடை முடிந்ததும் குடித்துக்கொள்ளலாம்.

பக்கத்தைப் பிரிப்பது

நோட்டின் இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கட்டும். அதற்கு வேறு வேலை இருக்கிறது. இடது பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, ‘பட்டது’, ‘எங்கிருந்து’, ‘ஊகம்’ என்று தலைப்பிடுங்கள். ஓரத்தில் மணி.

‘பட்டது’ பத்தியில் உடம்பில் பட்டது மட்டும் வர வேண்டும். ‘6.10, இடது காதில் உலோகம் உரசும் சத்தம், இரண்டு முறை.’ அடுத்த பத்தியில் ‘கடை ஷட்டர், எதிர்ச்சாரி, மூன்றாவது கடை.’ கடைசிப் பத்தியில் ‘டீக்கடை மட்டும் இந்நேரத்துக்குத் திறக்கிறது போல.’ இந்த மூன்றையும் கலந்துவிடாமல் இருப்பதுதான் முழு வேலையும். ‘அசுத்தமான சந்து’ என்பது ஊகம். ‘ஈரத் தரை, அழுகிய காய்கறி வாடை’ என்பது பட்டது. முன்னதை வைத்து யாரையும் திட்டலாம். பின்னதை வைத்தால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகலாம்.

இந்தப் பழக்கத்துக்கு இந்த ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் நாள், கிழமை, வேளை எல்லாம் இருக்கும். மரியாதைக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்றுகூட எண்ணி எழுதியிருப்பார். அவர் வீடு இருந்த பகுதியில்தான் இன்று பெரிய மார்க்கெட் இரைகிறது.

இன்னொரு கருவியும் நம்மிடம் சும்மா கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இரட்டைக்கிளவி. சொரசொர, வழவழ, பிசுபிசு, நறநற, வெதுவெது, கதகத. ‘சத்தமாக இருந்தது’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. கடகடவா, சலசலவா, கசமுசாவா என்று எழுதினால் சத்தத்தின் தன்மையே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ‘சத்தம், நாற்றம், நெரிசல்’ என்ற மூன்று சொற்களோடு நடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

தோல்

எந்தப் புலனிலிருந்து தொடங்குவது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது தொடு உணர்வை முதலில் வைக்கிறது. பிறகு நாக்கு, மூக்கு. கண் நான்காவதாகத்தான் வருகிறது, காது ஐந்தாவது. உயிர்களை வகுக்கச் சொன்ன வரிசை அது. நடைக்கும் அதுவே பொருத்தம் என்று அனுபவத்தில் கண்டேன். கண்ணில் தொடங்கினால் அது மற்றவற்றைப் பேச விடாது.

பிற்பகல் மூன்று மணிக்கு மிஷன் வீதியில் வடக்கே பார்த்து நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கடைகள், காற்று அசையாது, சட்டை முதுகில் ஒட்டும். குறுக்கே ஒரு வீதி வந்ததும் வலது கன்னத்தில் சட்டென்று காற்று படும். கடல்காற்று. நான்கு அடி தாண்டியதும் மறுபடி புழுக்கம். அடுத்த குறுக்கு வீதியில் மறுபடி கன்னம் குளிரும். கிழக்கு மேற்காகப் போகும் வீதிகள் கடல்காற்றை ஊருக்குள் கொண்டு வருகின்றன. எந்தக் குறுக்கு வீதியில் காற்று வரவில்லை என்று எண்ணுங்கள். அங்கே கிழக்கே திரும்பி எது மறிக்கிறது என்று பாருங்கள். மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகத்தான் உள்ளே வரும். அன்றைக்கு இந்தச் சோதனை பலிக்காது. பலிக்காததையும் எழுதுங்கள்.

சுவர்ச் சூட்டைப் புறங்கையால் பார்க்க வேண்டும். மேற்கு பார்த்த சுவர் பிற்பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு எட்டு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அதை ஒட்டித் தள்ளுவண்டி போட்டிருப்பவருக்கு அது தெரியும், கேட்டால் சொல்வார்.

அடுத்து கால். நடைபாதையில் நூறு மீட்டர் நடந்து, எத்தனை முறை சாலையில் இறங்க வேண்டி வந்தது என்று எண்ணுங்கள். நிறுத்தி வைத்த இருசக்கர வண்டி, ஜெனரேட்டர், விளம்பரப் பலகை, உடைந்த மூடி எல்லாம் கணக்கு. ஏறி இறங்கும் உயரத்தை முழங்காலால் அளந்து எழுதுங்கள்.

முழங்கால் என்றதும் என் பெரியம்மா ஞாபகம் வருகிறார். மூட்டு வலிக்காரர். பெரிய மார்க்கெட்டிலிருந்து டெம்போ (ஆட்களை ஏற்றும் பங்கு வண்டி) நிற்கும் இடம் வரை அவரோடு ஒருநாள் நடந்தேன். நான் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு அவருக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. வழியில் உட்கார அவர் கண்டுபிடித்த இடங்கள்: ஒரு மூடிய கடையின் படி, ஒரு கோயில் வாசல் விளிம்பு, ஒரு பழக்காரம்மாவின் காலிக் கூடை. இன்னொரு கடைப்படியில் யாரும் உட்காரக் கூடாதென்று கம்பி முள் பதித்திருந்தார்கள். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நிற்கத்தான் விட்டிருக்கிறார்கள், உட்கார விடவில்லை.” நான் அந்த வீதியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த முள் என் குறிப்பில் ஒருமுறைகூட வந்ததில்லை.

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் 1970களில் பொதுச் சதுக்கங்களில் கேமரா வைத்து, எது நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்த்தார். சிற்பமா, நீரூற்றா, வடிவமா என்று காரணம் தேடியவருக்குக் கிடைத்த முதல் விடை மிகச் சாதாரணம்: உட்கார இடம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் உட்காருகிறார்கள். இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். சிரித்துவிட்டு உங்கள் வீதியில் உட்காரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். சாய்மானம் உண்டா, நிழல் உண்டா, உட்கார்ந்தால் எழுப்புவார்களா என்று மூன்றையும் குறியுங்கள்.

இதற்காகவே வைசியாள் வீதிக்குப் போக வேண்டும். அங்கே இன்னும் சில பழைய தமிழ் வீடுகளுக்கு வாசலில் திண்ணையும், அதற்கும் வெளியே வீதியை ஒட்டி மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும் இருக்கின்றன. திண்ணை வீட்டுக்கு வருகிறவருக்கு, தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. வெயிலில் வருகிறவர் அனுமதி கேட்காமல் ஒதுங்கலாம். வீட்டுக்காரர் தன் செலவில் ஊருக்கு விட்ட நிழல் அது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை நகரத்துக்குள் போனால் வீதி விளிம்பிலேயே உயர்ந்த மதிலும் பெரிய கதவும்தான். நிழல் மரத்தாலும் மதிலாலும் விழும், ஆனால் அந்த மதில் யாரையும் உட்கார வைக்காது. இரண்டையும் ஒரே பிற்பகலில் நடந்து பார்த்துவிட்டு எதை ‘அமைதி’ என்று எழுதுவதென்று யோசியுங்கள்.

நாக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீதியில் எதையும் நக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. கடலிலிருந்து எத்தனையாவது வீதி வரை உதட்டில் உப்பு தெரிகிறது, எங்கே புழுதி நாக்கில் படுகிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறது, அது கரிக்கிறதா என்று எழுதினால் போதும். ஒரு டீ குடிக்காமல் நிற்கக்கூட முடியாத இடம் எது என்பதும் நாக்குக் கணக்கில் சேரும்.

மூக்கு

மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். ஓர் இடத்தில் நின்றால் சில நிமிடங்களில் அங்குள்ள வாசனை தெரியாமல் போகும். மீன் சந்தைக்குள் இருப்பவருக்கு மீன் மணக்காததற்குக் காரணம் அதுதான். எனவே நுழைந்த உடனே, முதல் மூச்சில் பட்டதை எழுதுங்கள். பெரிய மார்க்கெட்டில் வாசலுக்கு வாசல் நின்று இதைச் செய்யலாம். பூக்கடைப் பக்கம் நுழைந்தால் சாமந்தியும் ஈரச் சாக்கும், இன்னொரு பக்கம் கொத்துமல்லியும் வெங்காயத் தோலும், மீன்காரம்மாக்கள் உட்காரும் பக்கம் கவிச்சியும் கழுவிய தண்ணீரும். மூக்கு மரத்துப்போனால் வெளியே வந்து சட்டை மடிப்பில் முகத்தைப் புதைத்து இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

சொல் விஷயத்தில் இங்கே கவனம் வேண்டும். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் மணம்தான், பூவுக்கும் நாற்றம் உண்டு. காலப்போக்கில் அந்தச் சொல் கெட்டுப்போனது. மூக்கின் சொற்கள் அப்படித்தான், எளிதில் வசவாகிவிடும். ஒரு தெருவை, ஒரு தொழிலை, ஒரு சாதியை ஒதுக்கி வைக்க மூக்கைச் சாட்சிக்கு அழைத்த வழக்கம் நம் ஊர்களில் பழையது. ஆகவே ‘மீன் நாற்றம், அருவருப்பு’ என்று எழுதாதீர்கள். கவிச்சி, முடை, ஊசல், பூஞ்சை, காரல், கமறல், நெடி என்று எத்தனை நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன! பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எழுதியே ஆக வேண்டுமென்றால் ‘ஊகம்’ பத்தியில், ‘எனக்கு’ என்ற சொல்லோடு எழுதுங்கள்.

வாசனைக்குப் பக்கத்தில் காற்றின் திசையை எழுதாவிட்டால் குறிப்பு வீண். நூலைத் தூக்கிப் பாருங்கள். விடிகாலையில் நிலத்துக் காற்று மேற்கிலிருந்து கடலுக்குப் போகும். பிற்பகலில் கடலிலிருந்து உள்ளே வரும். பெரிய வாய்க்காலின் வாடை காலையில் ஒரு கரைக்கும் மாலையில் மறு கரைக்கும் போவது இதனால்தான். காலையில் மட்டும் போய்விட்டு, வாய்க்காலின் மேற்குக் கரைக்காரர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று நான்கு காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. குறிப்பில் அந்த முதல் எழுத்தையே போட்டுவிடலாம், இடம் மிச்சம். (கொண்டலும் கோடையும் ‘கொ’, ‘கோ’ என்று குழப்பும். நான் மேற்கை மட்டும் ‘மே’ என்று எழுதுகிறேன்.)

இந்த மூக்குக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் தெற்கே கடலூருக்குப் போக வேண்டும். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமத்தினர் 2004-ஆம் ஆண்டு முதல் வாடை அடித்த நாள், நேரம், காற்றடித்த திசை, எதைப்போல இருந்தது, உடம்பு என்ன செய்தது என்று தாங்களே பதிவு வைத்தார்கள். வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் நச்சு வேதிப்பொருட்கள் இருப்பதை அறிக்கை காட்டியது. ‘ரொம்ப நாற்றம் ஐயா’ என்று மனு கொடுத்தால் கோப்பு அப்படியே தூங்கும். நாளும் மணியும் திசையும் வரிசையாக இருந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்களும் அந்த வேலையைச் செய்ய முடியும், மூக்கும் கடிகாரமும் இருந்தால் போதும்.

மார்க்கெட்டில் நிற்கும்போது இன்னொன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு மீன்காரம்மா வந்து, “எப்போது காலி செய்யச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிற ஊரில், பேப்பரும் பென்சிலுமாக வருகிறவன் யார் என்று அவருக்குச் சந்தேகம் வராதா? அன்றிலிருந்து நான் முதலில் போய், இன்னார், இதற்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறக்கிறேன். கேட்டால் எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன். கால் கிலோ நெத்திலி வாங்கினால் இன்னும் நல்லது. பெயரையும் முகத்தையும் குறிப்பில் சேர்க்காதீர்கள், அனுமதி இல்லாமல் குரலைப் பதிவு செய்யாதீர்கள்.

கண்

இப்போது கண்ணைத் திறக்கலாம், ஆனால் கொஞ்சம் கீழே பார்த்து. முகப்பையும் வளைவையும் சன்னலையும் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் தேய்மானத்தைப் பாருங்கள். எந்தப் படி நடுவில் குழிந்திருக்கிறது, எந்தத் தூண் இடுப்பு உயரத்தில் மட்டும் பளபளக்கிறது, புல்வெளியில் யாரும் போடாத ஒற்றையடிப் பாதை எங்கே விழுந்திருக்கிறது, வெற்றிலைச் சாறு எந்த மூலையில். திட்டம் போட்டவர் நினைத்தது ஒன்று, மனிதர்கள் செய்தது வேறொன்று என்பதற்கு இவையே சாட்சி. பாரதி பூங்காவில் கால் போட்ட குறுக்குவழிகளை வரைந்தாலே ஒரு காலை போதும்.

பிறகு ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணுங்கள்: நிற்பவர், நடப்பவர், உட்கார்ந்தவர். பெண்கள் எத்தனை பேர், தனியாக எத்தனை பேர், குழந்தையோடு, கைத்தடியோடு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும்போது ஒருமுறை எண்ணி, செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் அதே மணிக்கு எண்ணினால், வீதி என்பது கல்லும் தாரும் மட்டுமா என்ற கேள்வி தானாக வரும்.

தெருவைக் கவனிக்கும் கண்கள் இருந்தால் தெரு பத்திரமாக இருக்கும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961-இல் எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனை விசாரிக்கும் தாத்தாவை அவருக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நான் ‘அமைதி, அழகு’ என்று எழுதிய அதே டூமாஸ் வீதிக்கு, மழைக்கால வார நாள் ஒன்றில் இரவு ஒன்பதரை மணிக்கு என்னோடு வந்த ஒரு மாணவி எழுதியது: “இரண்டு பக்கமும் மதில். கூப்பிட்டால் கேட்க யாரும் வெளியே இல்லை. சீக்கிரம் கடக்க வேண்டிய வீதி.” இரண்டு குறிப்பும் உண்மை. எனவே உங்களைப் போல் இல்லாத ஒருவரையாவது, வயதில், பாலினத்தில், உடல் நிலையில் வேறுபட்ட ஒருவரையாவது, கூட அழைத்துப் போங்கள். தனித்தனியே எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். நடக்கும்போது பேசிக்கொண்டால் இருவரும் ஒரே குறிப்பைத்தான் எழுதுவீர்கள்.

காது

கேட்பதற்காகக் கண்ணை மூடாதீர்கள். டெம்போ வரும் வீதி இது. பார்வையைத் தரையில் வைத்தாலே போதும். நோட்டில் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது நீங்கள். ஐந்து நிமிடம் கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் அது வரும் திசையில், தூரத்துக்கு ஏற்பத் தள்ளி எழுதுங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் பாருங்கள்: மிகத் தொலைவில் கேட்டது எது? புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரம்தான் உங்கள் காதின் எல்லை. நேரு வீதியில் மாலையில் பத்தடி தாண்டாது. விடிகாலையில் சம்பா கோயில் (மிஷன் வீதித் தேவாலயம்) மணி நாலைந்து வீதி தாண்டிக் கேட்கும்.

கனடா இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபரும் அவர் குழுவினரும் 1970களில் ஊர்ச் சத்தங்களைப் பதிவு செய்தபோது ஒரு வகைப்பாடு வைத்தார்கள். கவனிக்காமலே பின்னணியில் இருப்பது அடிச்சுருதி. கவனி என்று அழைப்பது சைகை ஒலி. இந்த ஊருக்கென்றே உள்ளது அடையாள ஒலி. நம் கணக்கில் அலை அடிச்சுருதி, ஹார்ன் சைகை, கோயில் மணியோ பாங்கோ அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரு வீதியில் ஹார்ன் சைகையாக இல்லை, அடிச்சுருதியாகவே மாறிவிட்டது. அதனால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எண் வேண்டும் என்பவர்களுக்கு: இந்திய விதிப்படி காலை 6 முதல் இரவு 10 வரை குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரில் 50 என்பது வரம்பு. கைப்பேசிச் செயலிகள் காட்டும் எண்ணைப் புகார் மனுவில் எழுதாதீர்கள், ஒவ்வொன்றும் ஒன்று காட்டும். அதைவிட நம்பகமான அளவு ஒன்று உண்டு. கை நீளத் தூரத்தில் நிற்கும் நண்பரிடம் குரலை உயர்த்தாமல் பேசிப் பாருங்கள். உயர்த்தியே ஆக வேண்டியிருந்தால் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டிருக்கும்.

கடைசியாகக் கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் காலை 7.15-க்குப் போய் ஓரிடத்தில் நின்று, 7.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அந்தப் புள்ளிப் படத்தை (நடுவில் நீங்கள், சுற்றிலும் சத்தங்கள்) போடுங்கள். முதல் படத்தில் அலை, காகம், செருப்புச் சத்தம், யாரோ இருவரின் அரசியல் பேச்சு முழு வாக்கியமாக. தடுப்பு விலகியதும் முதலில் தொலைவுச் சத்தங்கள் காணாமல் போகும், பிறகு பேச்சு துண்டு துண்டாகும், நடப்பவர்கள் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்குவார்கள். ஒரே இடம், அரை மணி நேரம், மாறியது ஒரு விதி மட்டும். இதைவிடச் சுத்தமான சோதனை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

வண்டி இல்லாத நேரத்திலேயே தலைமைச் செயலகத்தின் எதிரிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை, அலையை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். மணல் உள்ள இடத்தில் அலை ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டு திரும்பும். கல் குவித்த இடத்தில் தொம் என்று மோதி, கல்லிடுக்கில் களகளவென்று வடியும். சத்தம் மாறும் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். அது இந்தக் கரையின் சமீப வரலாற்றில் ஒரு எல்லைக்கோடு. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டியதும் அந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே கரை கரைந்தது, கடற்கரை போனது, கல்லைக் கொட்டிக் காத்தார்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தத் துண்டில் மணல் திரும்பச் சேர்ந்தது. இத்தனையும் தெரியாத ஒருவர், கண்ணைத் தரையில் வைத்து நடந்து, ‘இங்கே ஸ்ஸ், இங்கே தொம்’ என்று எழுதியிருந்தாலே சரியான கேள்விக்கு வந்து சேர்ந்திருப்பார். ஏன் இங்கே மாறுகிறது?

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே எழுதிவிட வேண்டும். தாமதித்தால் ஊகம் மற்ற இரண்டு பத்திகளையும் விழுங்கிவிடும். வீதிப் படம் ஒன்றைப் பெரிதாக வரைந்து, அதன் மேல் எண்ணெய்த் தாள் வைத்துப் புலனுக்கு ஒரு தாளாகக் குறியுங்கள். நிறம் எதுவும் வேண்டாம், சொற்களையே அந்தந்த இடத்தில் எழுதுங்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சில இடங்களில் சொற்கள் அடர்ந்திருக்கும். சூடான சுவர், ஜெனரேட்டர் இரைச்சல், சாக்கடை வாடை, உட்கார இடமின்மை எல்லாம் ஒரே மூலையில் விழுந்திருந்தால், அந்த மூலையில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் டெம்போவுக்குக் காத்திருப்பவர்கள்தான் நிற்பார்கள்.

அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று திரும்பி மழை பிடித்ததும் அதே இருநூறு மீட்டருக்கு மறுபடி போங்கள். வாய்க்கால் நிறைந்திருக்கும், கடல் கலங்கியிருக்கும், மணல்கூட வேறு பக்கம் நகரத் தொடங்கியிருக்கும். புது நோட்டு வாங்க வேண்டாம். வலது பக்கம் காலியாகத்தானே இருக்கிறது.